வெளிநாட்டுப் படிப்பு: பண்பாட்டு அதிர்ச்சி எங்கே அடிக்கிறது?

உடை, மொழி, குளிர் என்று பெரிய விஷயங்களுக்குத்தான் பெரும்பாலோர் தயாராகிப் போகிறார்கள். ஆளைச் சாய்ப்பதோ சில்லறை விஷயங்கள். எப்போது கை குலுக்குவது, எவ்வளவு தள்ளி நிற்பது, எதிரில் இருப்பவர் பேசி முடித்துவிட்டாரா அல்லது மூச்சு வாங்குகிறாரா? 'பண்பாட்டு அதிர்ச்சி' என்ற சொல்லைப் பரவலாக்கிய மானுடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1960-இல் வெளியான கட்டுரையில் சொன்னதும் இதைத்தான்: பழகிய அடையாளங்களும் குறிப்புகளும் கைவிட்டுப் போவதால் வரும் பதற்றம். சொந்த ஊரில் யோசிக்காமல் செய்ததை அங்கே யோசித்து யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. சாயங்காலமே தலை கனத்துப் படுக்கத் தோன்றினால் அது சோம்பல் இல்லை. நாள் முழுக்க வேற்று மொழியைக் கவனித்துக் கேட்ட களைப்பு. முதல் மாதம் கடினமான பாடத்தை இரவுக்குத் தள்ளாமல் காலையில் படியுங்கள். வகுப்புகளுக்கு நடுவே யாரோடும் பேசாத அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

மேலே சொன்னது சரி. ஆனால் அடி அதிகம் விழும் இடம் வகுப்பறை. முக்கியமாகத் திருத்தக் குறிப்புகள். சில நாடுகளில் "இதையும் யோசித்துப் பார்க்கலாமே" என்று பேராசிரியர் எழுதினால் 'மாற்றியே ஆக வேண்டும்' என்று பொருள். மாணவர் அதை யோசனையாக எடுத்துக்கொண்டு அப்படியே விட்டுவிடுவார், மதிப்பெண் வந்ததும் திகைப்பார். வேறு நாடுகளில் "இது தவறு" என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். அதில் கோபமும் இல்லை, அவமதிப்பும் இல்லை. ஊகிக்காதீர்கள். "இதில் கட்டாயம் திருத்த வேண்டியது எது, விருப்பம்போல் செய்யலாம் என்பது எது?" என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கலந்துரையாடலில் மரியாதைக்காக அமைதியாக இருப்பது, படிக்காமல் வந்ததாகத் தெரியும். இரண்டு கேள்விகளை எழுதிக்கொண்டு போய், ஒன்றை முதல் கால் மணி நேரத்துக்குள் கேளுங்கள். தள்ளிப்போட்டால் அதையே வேறொருவர் கேட்டுவிடுவார், பயமும் ஏறும். பேராசிரியர் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கிய நேரம் உங்களுக்கானது. போனால் தொந்தரவு ஆகாது. ஒரே கேள்வி, எங்கே சிக்கிக்கொண்டீர்கள் என்று காட்ட ஒரு பக்கம், அவ்வளவு போதும்.

எழுத்துத் திருட்டுப் புகாரில் மாட்டுபவர்களில் பலர் திருட நினைத்தவர்களே அல்ல. நூலின் வரியைக் குறிப்பேட்டில் அப்படியே எழுதி வைக்கிறார்கள். மூன்று வாரம் கழித்து அது தம் வரி என்றே நினைத்துக் கட்டுரையில் சேர்க்கிறார்கள். எழுதும்போதே மேற்கோள் குறியும் பக்க எண்ணும் போட்டுவிட்டால் இந்த வம்பு இல்லை. சொந்தச் சொற்களில் மாற்றி எழுதினாலும் மூலத்தைச் சொல்லியாக வேண்டும். இன்னொன்று, நண்பருக்கு உங்கள் ஒப்படைப்பைப் 'பார்க்க' கொடுத்தால் பல பல்கலைக்கழகங்களில் கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு.

* * *

நட்பு பற்றி ஒன்று. "ஒருநாள் கட்டாயம் சந்திக்கலாம்" என்பது பல இடங்களில் விடைபெறும் வார்த்தை, அவ்வளவுதான். நாளும் இடமும் சொன்னால்தான் அழைப்பு. சோதிக்க எளிய வழி, "வியாழன் மதியம் வசதிப்படுமா?" என்று நீங்களே கேட்பது. நழுவினால் மனதில் வைக்க வேண்டாம்.

தாய்நாட்டுக்காரர்களோடே சுற்றுவதைக் குற்றமாகப் பேசுபவர்கள் உண்டு. அது அநியாயம். மனம் ஆறுவது அவர்களிடம்தான். ஆனால் படிப்பிலும் அலுவலக நடைமுறையிலும் வழி தெரிந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். தம்மைப் போலவே வேறு நாட்டிலிருந்து வந்த மாணவர்களோடுதான் பலர் சகஜமாகச் சிரித்துப் பேசுகிறார்கள். மூன்று வட்டத்திலும் ஓரிருவர் இருந்தால் போதும்.

* * *

வெளிநாடு போனவர்களின் மனநிலை 'முதலில் தேனிலவு, பிறகு சரிவு, பிறகு ஏற்றம்' என்று போகும் எனச் சொல்லும் வளைகோட்டை அப்படியே நம்பாதீர்கள். 1955-இல் நார்வே சமூகவியலாளர் லிஸ்கார்ட், அமெரிக்கா போய்வந்த சுமார் 200 நார்வேக்காரர்களிடம் கேட்டு எழுதியது அது. 6 முதல் 18 மாதம் வரை இருந்தவர்களே அதிகம் தடுமாறியதாகக் கண்டார். 1998-இல் வெளியான ஓர் ஆய்வு, நியூசிலாந்து சென்ற ஜப்பானிய மாணவர்களை ஓராண்டு பின்தொடர்ந்தது. அவர்களுக்குச் சிரமம் மிக அதிகமாக இருந்தது வந்திறங்கிய வேளையில். தேனிலவே இல்லை!

ஆகவே உங்களுக்கு முதல் வாரமே கசந்தால் நீங்கள் விதிவிலக்கு அல்ல. ஆனால் தூக்கமின்மை, வகுப்புக்குப் போகாமை, வீட்டு அழைப்பை எடுக்காமை எல்லாம் சேர்ந்து இரண்டு வாரம் நீடித்தால், வளைகோடு தானாக மேலேறும் என்று காத்திருக்காதீர்கள். பல்கலைக்கழகத்தின் மனநல ஆலோசகரிடம் அன்றே நேரம் கேளுங்கள். பல இடங்களில் காத்திருப்போர் பட்டியல் நீளம். தேர்வு நெருங்கும்போது இன்னும் நீளும்.