தன் விடையையே சோதித்த பேராசிரியர்

சங்கத்து உறவுகளுக்கு வணக்கம். பொறியியல் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள், கணினித் திரையில் தகைவு (பொருளின் உள்ளே ஓர் அலகுப் பரப்பில் செயல்படும் விசை) வண்ணப்படம் சிவப்பும் நீலமுமாக விரிந்ததும் அதையே முடிந்த விடையாகக் கொள்வதைக் காண்கிறேன். அவர்களுக்காகவே பேராசிரியர் ஓல்கெர்ட் ஜியென்கியெவிச்சைப் பற்றி எழுதுகிறேன்.

1921-இல் இங்கிலாந்தில் பிறந்து போலந்தில் வளர்ந்தவர் அவர். போர்க்காலத்தில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் படித்து, ரிச்சர்ட் சவுத்வெல்லின் வழிகாட்டுதலில் அணைகளின் தகைவை ஆராய்ந்தார். சவுத்வெல்லின் தளர்த்தல் முறையில், கட்டக்கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு புள்ளியிலும் எஞ்சும் பிழையைக் கையாலேயே திருத்தித் திருத்திக் குறைக்க வேண்டும். அந்த மரபில் ஊறியிருந்தும், பின்னர் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, பொறியாளர் ரே கிளஃப் முன்வைத்த, பொருளைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் முறையின் பக்கம் வந்தார். அணையையும் அதன் அடிப்பாறையையும் சிறு முக்கோணங்களாகப் பிரித்தால், கோணல் விளிம்பும் வெவ்வேறு பொருள்களும் ஒரே கணக்கில் அடங்கிவிடும். ஆசானின் வழியிலேயே நின்றிருந்தாலும் அவருக்குப் பேர் கிடைத்திருக்கும். மாறத் துணிந்ததைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

1961-இல் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சிக்குச் சென்றார். ஒய். கே. சியுங்குடன் 1967-இல் அவர் வெளியிட்டதே இம்முறைக்கு முதல் பாடநூல்.

ஆனாலும் அவருடைய உழைப்பில் என் மனத்தில் ஆழப் பதிந்தது, விடையை நம்பலாமா என்ற கேள்விதான். புரூஸ் ஐயன்ஸ் முதலியோருடன் 1965-இல் அவர் எழுதிய கட்டுரையில் 'பேட்ச் சோதனை'யின் வித்து உள்ளது: எங்கும் சீரான திரிபு (விசையால் பொருள் நீளும் அல்லது சுருங்கும் விகிதம்) உள்ள எளிய நிலையைக்கூடச் சில கூறுகளின் தொகுதி பிசகின்றித் தரவில்லை எனில், அந்தக் கூறை நம்ப முடியாது. 1987-இல் மாணவர் ஜூவுடன் இன்னும் கூர்மையான வழியைத் தந்தார். கணக்கிட்ட தகைவு ஒரு கூறிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது எல்லையில் துள்ளும். அதைச் சீராக்கிப் பெற்ற தகைவுக்கும் முதலில் கிடைத்த தகைவுக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டே பிழையை மதிப்பிடலாம். வேறுபாடு மிகுந்த இடத்தில் மட்டும் கூறுகளின் வலையை நுணுக்கினால் போதும்.

மென்பொருள் பெரும்பாலும் கூறுகளின் எல்லையில் சராசரியாக்கிய தகைவையே காட்டுவதால் அந்தத் துள்ளல் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுகிறது. ஆகவே, பிள்ளைகள் அறிக்கையை ஒப்படைக்கும் முன் சராசரியை ஒருமுறை நீக்கிவிட்டு அதே படத்தைப் பார்க்கும்படி சொல்லுங்கள்.