ரெண்டும் டொமைன்தான், ஆனால் வேற வேற

வெப்சைட்டைப் புது ஹோஸ்டிங்குக்கு மாற்றினோம். டீலர்களுக்குத் திறந்தது, என் மொபைலிலும் திறந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றில்கூடத் திறக்கவில்லை. ஹோஸ்டிங்காரரிடம் அரைநாள் சண்டை போட்டேன், பாவம், அவர் மேல் தப்பே இல்லை.

சாயங்காலம் என்எஸ்லுக்கப் (ஒரு பெயருக்கு எந்த ஐபி முகவரி என்று காட்டும் கட்டளை) அடித்துப் பார்த்தேன். கம்பெனி பெயருக்கு வந்த ஐபி 192.168.1.10. மாடி சர்வர் ரூமில் இருக்கும் எங்கள் டொமைன் கன்ட்ரோலர், அதாவது ஆபீஸ் லாகின்களைச் சரிபார்க்கும் சர்வர் அது!

ஆக்டிவ் டைரக்டரி (அந்த சர்வரில் ஓடும் மைக்ரோசாஃப்ட்டின் லாகின் பதிவேடு) போட்டவர் வெப்சைட் பெயரையே அதற்கும் வைத்திருக்கிறார். அதனால் ஆபீஸுக்கு உள்ளே இருக்கும், பெயருக்கு ஐபி சொல்லும் டிஎன்எஸ் சர்வர் அந்தப் பெயருக்குத் தானே பதில் சொல்லும், வெளியே கேட்கவே கேட்காது. அதில் மூணு டபிள்யூ பதிவில் பழைய ஐபி கிடந்தது, மாற்றியதும் திறந்தது. மூணு டபிள்யூ இல்லாமல் அடித்தால் இன்னமும் கன்ட்ரோலருக்குத்தான் போகிறது, ஏனென்றால் அந்த வெறும் பெயரில் கன்ட்ரோலர் தன் ஐபியைத் தானே பதிந்துகொள்ளும்.

இணைய டொமைன் என்பது வருஷா வருஷம் ரிஜிஸ்ட்ராருக்குக் காசு கட்டி வைத்திருக்கும் பெயர். ஆபீஸ் டொமைன் என்பது யார் லாகின் பண்ணலாம், எந்தக் கம்ப்யூட்டர் நம்முடையது என்று வைத்திருக்கும் பதிவேடு. பழைய விண்டோஸ் என்டி காலத்தில் அதற்கு 15 எழுத்துக்குள் ஒரு பெயர் போதும். விண்டோஸ் 2000 சர்வரோடு ஆக்டிவ் டைரக்டரி வந்து, டிஎன்எஸ் பெயரையே வைக்க ஆரம்பித்தபோதுதான் இரண்டும் ஒன்று போலத் தெரிய ஆரம்பித்தது.

பதில்:
எங்கள் ஆபீஸிலும் அதே மாதிரி ஒரே பெயர்தான் சார். ஒருமுறை ரின்யூ பண்ண மறந்துவிட்டோம். ராத்திரி பத்து மணிக்கு முதலாளி கூப்பிட்டு, "நாளைக்கு ஒருத்தரும் லாகின் பண்ண முடியாதாப்பா?" என்றார். மெயிலும் வெப்சைட்டும் நின்றது நிஜம். ஆனால் காலையில் அக்கவுண்ட்ஸ் அக்கா வழக்கம்போல் பாஸ்வேர்டு அடித்து டேலியைத் திறந்துவிட்டார். பெயருக்குப் பணம் கட்டியிருக்கிறதா என்று கன்ட்ரோலர் யாரிடமும் கேட்பதில்லை.

பதில்:
புதிதாகப் போடுபவர்கள் சொந்த டொமைனுக்கு முன்னால் 'ஏடி' என்று ஒட்டி, துணை டொமைனாக வையுங்கள். டாட் லோக்கல் வேண்டாம், அதை 2013-லேயே எம்டிஎன்எஸ்ஸுக்கு (ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் கருவிகள் டிஎன்எஸ் சர்வர் இல்லாமலே ஒன்றையொன்று பெயரால் தேடும் முறை) ஒதுக்கிவிட்டார்கள். அந்த முறையில் தேடும் ஆப்பிள் மேக் வந்தால் தகராறு. வெறும் 'கார்ப்' என்று வைத்த கம்பெனிகளின் லேப்டாப்கள் வெளியே போனதும் கார்ப் டாட் காமைத் தேடிப் போயின. கடைசியில் 2020-ல் மைக்ரோசாஃப்ட்டே அந்தப் பெயரை விலைக்கு வாங்கியது. சார், நீங்கள் பெயரை மாற்றிவிடக் கூடாதா?

பதில்:
எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வர் ஓடுகிறது தம்பி, அது இருந்தால் டொமைனை ரீநேம் பண்ண முடியாது. இப்போதைக்கு வெளியே ஐபி மாறினால் உள்ளேயும் மாற்றணும் என்று சர்வர் ரூம் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.