வட்டிப் பரிமாற்று: ஒரு சொல் முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

இன்டரெஸ்ட் ரேட் ஸ்வாப், அதாவது இரண்டு தரப்பினர் நிலையான வட்டியையும் ஏறி இறங்கும் வட்டியையும் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் ஒப்பந்தம், என்பதற்குத் தமிழில் இதுவரை முன்வைக்கப்பட்ட சொற்களை ஒன்றாக வைத்துப் பார்த்தேன். வட்டி வீத இடமாற்றம், வட்டி வீதப் பரிமாற்றம், வட்டிமாற்று, வட்டிப் பண்டமாற்று, வட்டிக் கைமாற்று. தனியாகப் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கின்றன. ஒரு நிறுவனத்தின் கணக்காளர் எழுதும் வாக்கியத்துக்குள் போட்டுப் பார்த்தால்தான் எது இடறுகிறது என்று தெரியும். அதனால் முதலில் கணக்கைப் போட்டுவிட்டு அப்புறம் சொல்லுக்கு வருகிறேன்.

ஒரு நிறுவனம் ஒரு வங்கியிடம் 5 ஆண்டுக்கு 100 கோடி கடன் வாங்குகிறது. வட்டி நிலையானதல்ல, சந்தையின் அளவுகோல் வட்டி (மற்ற வட்டிகளைக் கணக்கிட அடிப்படையாக வைக்கும் பொது வட்டி) எவ்வளவோ அதற்கு மேல் 2 சதவீதம். அளவுகோல் ஏறினால் செலவும் ஏறும், அடுத்த ஆண்டு வட்டிக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று நிறுவனத்தால் சொல்ல முடியாது. எனவே அது இன்னொரு வங்கியோடு தனியாக ஓர் ஒப்பந்தம் செய்கிறது: அதே 100 கோடியை வைத்துக் கணக்கிட்டு ஆண்டுக்கு 6 சதவீதம் நான் உனக்குத் தருகிறேன், அளவுகோல் வட்டி எவ்வளவோ அதை நீ எனக்குத் தா. இப்போது அளவுகோல் 8 ஆகிவிட்டால் கடனுக்கு 10 கட்டுகிறது, ஒப்பந்தத்தில் 8 வாங்கி 6 கொடுக்கிறது, நிகரச் செலவு 8. அளவுகோல் 4-க்கு இறங்கினால் கடனுக்கு 6, ஒப்பந்தத்தில் 4 வாங்கி 6 கொடுக்கிறது, அப்போதும் நிகரச் செலவு 8. எங்கே போனாலும் 8 சதவீதம்தான். உண்மையில் இரண்டு பக்கமும் முழுத்தொகையைக் கொடுத்து வாங்குவதுகூட இல்லை, வித்தியாசத்தை மட்டும் தீர்க்கிறார்கள். முதல் நிலையில் நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 2 கோடி வரும், இரண்டாவதில் 2 கோடி போகும்.

இந்தக் கணக்கில் கடன் இருந்த இடத்திலேயே இருக்கிறது. 100 கோடி யார் கையிலிருந்தும் யார் கைக்கும் போகவில்லை, கடன் கொடுத்த வங்கிக்கு இப்படி ஓர் ஒப்பந்தம் இருப்பதே தெரியாமல் இருக்கலாம். ஆகவே ‘இடமாற்றம்’ பொருந்தாது. கடனையே வேறு வங்கிக்கு மாற்றிவிட்டார்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார். ‘பண்டமாற்று’ என்றால் உப்பைக் கொடுத்து நெல் வாங்குவது போல இரண்டு வேறு பொருள்கள் ஒரே தடவையில் கைமாறி முடிந்துவிடும். இது 5 ஆண்டு ஓடும் ஒப்பந்தம். ‘கைமாற்று’ எனக்கு மிகவும் பிடித்த சொல், ஓசையும் அழகு. ஆனால் அதற்கு வட்டியில்லாமல் அவசரத்துக்கு வாங்கும் சில்லறைக் கடன் என்று நிலைத்த பொருள் இருக்கிறது. ‘வட்டிக் கைமாற்று’ என்றால் அந்தப் பொருளே தலைகீழாகிவிடும்.

‘வட்டிமாற்று’ சுருக்கமானது, முதலில் நானும் அந்தப் பக்கம்தான் இருந்தேன். சிக்கல் ‘மாற்று’ என்பதற்குள்ள இன்னொரு பொருளில் இருக்கிறது. மாற்று வழி, மாற்று ஏற்பாடு என்கிறோம் அல்லவா, அந்த வரிசையில் வட்டிமாற்று என்றால் வட்டிக்குப் பதிலாக வேறொன்று என்று ஆகிவிடுகிறது. வட்டியைத் தவிர்க்கும் இஸ்லாமிய நிதியியலைப் பற்றித் தமிழில் எழுதுபவர்களுக்கு அந்தப் பொருளில் ஒரு சொல் உண்மையிலேயே தேவைப்படும். அவர்களுக்கு அதை விட்டுவைப்போம்.

என் முன்மொழிவு ‘வட்டிப் பரிமாற்று’. பரிமாற்றம் என்று ஏன் சொல்லக்கூடாது என்றால், பணப் பரிமாற்றம், தகவல் பரிமாற்றம் என்று அது ஒரு செயலின் பெயராகவே புழங்கிவிட்டது, பணப் பரிமாற்றத்தில் பணம் ஒரு பக்கமாகத்தான் போகிறது. நமக்கு வேண்டியது கையெழுத்திட்டு வைத்திருக்கும் ஒப்பந்தத்தின் பெயர். மாற்றம் வேறு, மாற்று வேறு என்று காது ஏற்கெனவே பிரித்துக் கேட்கிறது, அந்த வேறுபாட்டையே இங்கேயும் பயன்படுத்திக்கொள்ளலாம். ‘நிறுவனம் 100 கோடிக்கு ஒரு வட்டிப் பரிமாற்று வைத்திருக்கிறது’, ‘இரண்டு பரிமாற்றுகள் இந்த ஆண்டு முடிகின்றன’, ‘பரிமாற்று வீதம் 6 சதவீதம்’. மூன்று வாக்கியமும் இடறவில்லை. ‘வீத’ என்பதை வேண்டுமென்றே விட்டேன். ஆங்கிலத்தில் ரேட் இருக்கிறது என்பதற்காக நாம் அதைச் சுமக்க வேண்டியதில்லை, இங்கே பரிமாறப்படுவது வட்டித் தொகை.

நாணயங்களுக்கும் இதே அச்சு பொருந்தும். இந்த வகை ஒப்பந்தங்களுக்குப் பெரிய தொடக்கமாகச் சொல்லப்படுவது 1981-இல் ஐ.பி.எம். நிறுவனமும் உலக வங்கியும் சாலமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி மூலம் செய்துகொண்ட நாணயப் பரிமாற்றுதான். ஐ.பி.எம். சுவிஸ் பிராங்க்கிலும் ஜெர்மன் மார்க்கிலும் வாங்கியிருந்த கடனின் பொறுப்பை உலக வங்கி ஏற்க, உலக வங்கியின் டாலர் பொறுப்பை ஐ.பி.எம். ஏற்றது. அங்கேயும் கடன் கொடுத்தவர்களைப் பொறுத்தவரை கடனாளி மாறவில்லை, அந்தப் பொறுப்பு இருவரும் தங்களுக்குள் ஏற்றுக்கொண்டது மட்டும்தான்.

அடுத்தது ஹெட்ஜ், அதாவது வட்டி ஏறுவது போன்ற ஓர் இடரை எதிர்த்திசையில் இன்னோர் ஒப்பந்தம் செய்து சமன் செய்வது. அதற்குச் சொல்லப்படும் ‘இடர்காப்பு’ என்ற சொல்லை எதிர்க்கிறேன், கொஞ்சம் அழுத்தமாகவே. காப்பு என்றதும் காப்பீடு நினைவுக்கு வருகிறது. காப்பீட்டில் ஒரு கட்டணம் கட்டிவிட்டால் கெட்டது நடந்தால் பணம் வரும், நல்லது நடந்தால் அது முழுக்க நமக்கு. பரிமாற்றில் அப்படி இல்லை. வட்டி இறங்கிய ஆண்டில் மேலே சொன்ன 2 கோடி போகிறதே, காப்பு என்று கேட்டுப் பழகிய இயக்குநர் ‘காப்பு எடுத்தும் ஏன் நட்டம்?’ என்று கேட்பார், அவர் கேட்பதில் தவறே இல்லை, சொல்தான் அவரை அங்கே கொண்டுபோய் விட்டது. நான் சொல்வது ‘ஈடுகட்டல்’. வட்டி ஏற்றத்தை ஈடுகட்ட ஒரு பரிமாற்று. ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் அதே அளவு ஈடு செய்கிறது, அவ்வளவுதான். ஈடு என்றால் அடமானம் என்ற பொருளும் உண்டே என்பீர்கள். சரி, அதற்குப் பிணை என்று நிலையாக வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

இந்த இரண்டு சொற்களையும் ஒட்டி ‘காப்புப் பரிமாற்று’ என்று ஒரே சொல்லாக்கும் யோசனையும் வந்தது. கூடாது. பரிமாற்று தானாகவே ஈடுகட்டல் ஆகிவிடாது. 1994-இல் புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் பாங்கர்ஸ் டிரஸ்ட் வங்கியோடு செய்திருந்த பரிமாற்றுகளால் வரிக்கு முன் 15.7 கோடி டாலர் இழப்பைக் கணக்கில் காட்ட நேர்ந்தது. வட்டி ஏறாது என்று பல மடங்காகப் பெருக்கிக் கட்டிய பந்தயம் அது. கருவிக்கு ஒரு பெயர், நோக்கத்துக்கு வேறு பெயர் வேண்டும்.

ஃப்ளோட்டிங் ரேட்டுக்கு, அதாவது அளவுகோலோடு சேர்ந்து ஏறி இறங்கும் வட்டிக்கு, ‘மாறும் வட்டி’ என்றால் மாறும், மாற்று, பரிமாற்று என்று ஒரே வரியில் எல்லாம் மோதிக்கொள்ளும். ‘மிதவை வட்டி’ போதும், பொருளும் துல்லியம்: தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் மிதவை அதற்கு மேல் ஒரே உயரத்தில் நிற்கிறது, அந்த உயரம்தான் நம் உதாரணத்தின் 2 சதவீதம். தண்ணீர் மட்டத்துக்கு ‘அளவுகோல் வட்டி’ என்ற பொதுப்பெயரே நல்லது. முன்பு லைபார் என்ற லண்டன் வங்கிகளுக்கிடையிலான அளவுகோல் வட்டியை வைத்தே விளக்கம் எழுதினோம். டாலர் லைபாரின் முதன்மை வெளியீடு 2023 ஜூனோடு நின்றுவிட்டது, இப்போது அந்த இடத்தில் சோஃபர் என்ற அமெரிக்க அளவுகோல். நோஷனல் பிரின்சிபலுக்கு, அதாவது கைமாறாமல் கணக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் அந்த 100 கோடிக்கு, ‘கற்பனை அசல்’ வேண்டாம், பொய்க்கணக்கு போலத் தொனிக்கிறது. ‘கணக்கீட்டு அசல்’ என்றால் வேலையே பெயராகிவிடும்.

லெக், அதாவது ஒப்பந்தத்தில் ஒவ்வொரு தரப்பும் கட்டும் வட்டிப் பகுதி, என்பதற்கு மட்டும் எனக்கு முழு நிறைவு இல்லை. கால் என்றால் கால் சதவீதம் என்று படித்துவிடுவார்கள். ‘நிலைப்பக்கம்’, ‘மிதவைப்பக்கம்’ என்று எழுதிப் பார்க்கிறேன். ‘நிறுவனம் நிலைப்பக்கத்தைக் கட்டுகிறது’ என்ற வாக்கியம் உங்கள் காதுக்கு எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.