ஜாவா 17-க்கு இப்போதே மாறலாமா?

வணக்கம் நண்பர்களே. கோவையில் ஒரு நூற்பாலையின் சம்பளப் பட்டியல் மென்பொருளைப் பராமரிக்கிறேன். உபுண்டு சர்வர், ஸ்பிரிங் பூட் 2.7 (ஜாவா செயலிகளுக்கான கட்டமைப்பு), ஜாவா 8. ஏப்ரலுக்குள் ஜாவா 17-க்கு மாற்றித் தரச் சொல்கிறார்கள்.

ஜாவா 11-இலேயே நீக்கப்பட்டுவிட்ட ஜாக்ஸ்-பியை (எக்ஸ்எம்எல் தரவைக் கையாளும் பகுதி) தனியாகச் சேர்த்ததும் கம்பைல் ஆகிவிட்டது. சிக்கல், சம்பளச் சீட்டு அச்சாகும் இடத்தில்தான். பழைய ரிப்போர்ட் லைப்ரரி ஜாவாவின் உள் வகுப்புகளைத் தொடப்போய், அனுமதி மறுக்கப்பட்டு நின்றுவிடுகிறது. ஜாவா 11-இல் வெறும் எச்சரிக்கையோடு ஓடுகிறது. லைப்ரரிக்குப் புதிய பதிப்பும் இல்லை. உள் வகுப்புகளைத் தொட அனுமதி தரும் 'ஆட்-ஓப்பன்ஸ்' என்ற அமைப்பைக் கொடுத்தால் 17-இலும் ஓடுகிறது. ஆனால் தொழிலாளர்களின் சம்பளம் போகும் வழியில் ஒட்டுப்போட எனக்கு மனமில்லை.

ஆட்-ஓப்பன்ஸை நம்பி 17-க்குப் போய்விடலாமா, அல்லது 11-இல் நிறுத்தி முதலில் அந்த லைப்ரரியை மாற்றுவதா?