இழை: மீட்டருக்குப் பின்னால் இருக்கும் டப்பாவுக்குத் தமிழில் என்ன பெயர்?

செந்தூல் மாலை வகுப்பிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். வாகனப் பழுதுபார்ப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மூன்று சொற்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

எங்கள் மாணவனின் மாமா ஒரு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500 வைத்திருக்கிறார். 1974இலிருந்து 1980 வரை இங்கிலாந்தில் செய்த இரண்டு இருக்கைக் கார். அரை டாங்கி பெட்ரோலுக்கு முள் முழுசு காட்டுகிறது. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளும் சிவப்பை ஒட்டி நிற்கிறது. ரேடியேட்டரில் கோளாறு எதுவும் இல்லை. பையன் 'மீட்டர் போச்சு' என்று பெட்ரோல் மீட்டரை வாங்கி மாற்றினான். புது முள்ளும் அதே இடத்தில் போய் நின்றது.

இரண்டும் ஒன்றாகக் கூடுதல் காட்டினால், இரண்டுக்கும் பொதுவானதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மீட்டர் பலகைக்குப் பின்னால் ஒரு சின்னத் தகர டப்பா. இரண்டு மீட்டருக்கும் அதன் வழியாகத்தான் கரண்ட் போகிறது. அதைப் பிடித்திருந்த ஸ்குரு துருவேறி எர்த் (வண்டி உடம்போடு இருக்கும் மின் இணைப்பு) போயிருந்தது. சுரண்டி இறுக்கியதும் இரண்டு முள்ளும் இறங்கின.

முள் இருக்கும் கேஜ், நடுவில் ஸ்டெபிலைசர் (அந்த டப்பா), டாங்கிக்குள் செண்டர் (sender, அளவை மீட்டருக்கு அனுப்புவது). மூன்றையும் 'மீட்டர்' என்ற ஒரே சொல்லில் அடக்குவதால்தான் பையன்கள் தப்பான பாகத்தைக் கழற்றுகிறார்கள். 'செண்டர் கெட்டுவிட்டது' என்று கரும்பலகையில் எழுதினால் 'எந்த டியூஷன் செண்டர் சார்?' என்கிறான் ஒருவன். தமிழ்ச்சொல் தாருங்கள்.

பட்டர்வொர்த் தமிழாசிரியர் (பணி ஓய்வு):

தம்பிக்கு வாழ்த்து. கேஜுக்கு 'மானி' என்று யாரும் எழுதிவிட வேண்டாம். வெப்பமானி, அழுத்தமானி என்று பழகிவிட்டோம், ஆனால் அது வடமொழி மானத்தின் வழி வந்தது. 'அளவி' இருக்கிறது. அதைவிட மேலான ஒன்றும் நம்மிடம் இருக்கிறது: கன்னல். முல்லைப்பாட்டில் பாசறையில் பொழுது அளப்பவர்கள் பார்ப்பது குறுநீர்க் கன்னல். நீர் மட்டத்தைப் பார்த்து அளவு சொல்லும் கருவி. டாங்கியில் இருப்பதும் நீர்மம், காட்டுவதும் மட்டம். 'எரிநெய்க் கன்னல்' என்று வைத்தால் என்ன குறை?

ஜாலான் ஈப்போ பட்டறை:

ஐயா, கன்னல்னா கரும்புன்னும் அர்த்தம் இருக்கே. கரும்புச்சாறு கடைன்னு நினைச்சிக்குவான். அப்புறம் 'எரிநெய்'. இங்க மலேசியால நாம பெட்ரோலையே எண்ணெய்னுதான் சொல்றோம், எண்ணெய் நிலையம்னு பேப்பர்லயும் போடுறான். நீங்க நெய்னு எழுதினா எஞ்சின் ஆயில் மீட்டரைக் கழட்டிடுவான். மீட்டர் மீட்டராவே இருக்கட்டும்லா. அந்த டப்பாவுக்கு எங்க பட்டறைல பேரு 'பத்து வோல்ட் டப்பா'. கேட்ட உடனே விளங்கும்.

பட்டர்வொர்த் தமிழாசிரியர்:

வடசொல்லையே வடவெழுத்தை நீக்கித்தான் எடுத்துக்கொள்ளச் சொன்னார் தொல்காப்பியர். வோல்ட்டையும் டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அதைக் கலைச்சொல் என்றால் எப்படி?

பாயான் லெப்பாஸ், மின்னணுத் தொழிற்சாலை:

வோல்ட் அலகு ஐயா, அதை விட்டுவிடுவோம். எனக்கு வேறொரு சிக்கல். 'நிலைப்படுத்தி', 'சீராக்கி' என்று யாராவது சொல்வதற்கு முன் அந்த டப்பா என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். உள்ளே ஈருலோகப் பட்டை (இரண்டு உலோகங்களை ஒட்டிய தகடு). அதன் மேல் சூடேற்றும் கம்பிச்சுருள். கரண்ட் ஓடினால் பட்டை சூடாகி வளைந்து தொடுமுனையை விடும். ஆறினால் மறுபடி தொடும். பேட்டரியின் 12 வோல்ட் விட்டுவிட்டுப் போய், சராசரியில் 10 வோல்ட்டின் வேலையைச் செய்கிறது. மீட்டருக்குள்ளும் சூடேறி வளையும் பட்டைதான். அது மெதுவாக அசைவதால் இந்தத் துடிப்பு முள்ளில் தெரியாது. நிலையும் இல்லை, சீரும் இல்லை, மட்டுப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

எர்த் போனால் ஏன் கூடுதல் காட்டும் என்பதும் இதிலேயே இருக்கிறது. சுருளின் மறுமுனை டப்பாவின் உடம்பு வழியாகத்தான் எர்த்துக்குப் போகிறது. அது அறுந்தால் சுருள் சூடாகாது, தொடுமுனை விடாது, முழு வோல்ட்டும் மீட்டருக்குப் போய்விடும். ஆகவே 'மட்டாக்கி' என்று முன்மொழிகிறேன்.

பட்டர்வொர்த் தமிழாசிரியர்:

மட்டாக்கி நல்ல சொல். ஆனால் இகர விகுதியில் ஒரு குழி உண்டு. மண்வெட்டி கருவி, விறகுவெட்டி ஆள், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வினையெச்சத்தோடு மயங்குவதைத்தான் பொறுக்க முடியாது. 'மட்டாக்கி கழற்றித் துடைத்து மாட்டு' என்று கையேட்டில் வந்தால், முதலில் எதையோ மட்டாக்கச் சொல்வதாகத்தான் மாணவன் படிப்பான். 'நிலைப்படுத்தி'க்கும் இதே கதி. செண்டருக்கு 'அனுப்பி' என்று எழுதப் பார்ப்பீர்கள், அதற்கும் இதே கதி. 'மட்டுறுத்தி' என்றாலும் தப்ப முடியாது.

பாயான் லெப்பாஸ்:

'மட்டுறுத்துநர்' ஆக்கிவிடலாமா?

குழு மட்டுறுத்துநர்:

இருக்கும் ஒருவர் போதும். இழையை விட்டு விலக வேண்டாம்.

பட்டர்வொர்த் தமிழாசிரியர்:

செண்டருக்கு என் வாக்கு 'தூது'. டாங்கியின் நிலையை இருந்த இடத்திலிருந்தே எடுத்துச் சொல்கிறது. திருக்குறள் 69ஆம் அதிகாரமே தூதுதான்.

ஜாலான் ஈப்போ பட்டறை:

ஐயா, தூது போறவன் நடந்து போவான். இது டாங்கிக்குள்ளயே கிடக்குது, மிதவை மேல கீழ ஆடுது, அவ்வளவுதான். மிதவைன்னே சொல்லலாமே?

பாயான் லெப்பாஸ்:

பெட்ரோலுக்கு மிதவை சரி அண்ணே. சூட்டுக்கு மிதவை ஏது? எஞ்சினில் திருகியிருப்பது சூடேற ஏறத் தடை குறையும் பொருள். டாங்கியிலும் அளவு கூடக் கூடத் தடைதான் குறைகிறது. இரண்டுக்கும் பொருந்துவது 'உணரி'. ஐயா சொன்ன குழியும் இதற்கு இல்லை: எச்சம் 'உணர்ந்து'தானே?

பட்டர்வொர்த் தமிழாசிரியர்:

அது உண்மை. உணரிக்கு நான் குறுக்கே நிற்கவில்லை.

செந்தூல் மாலை வகுப்பிலிருந்து:

நன்றி. இப்படி எழுதியிருக்கிறேன்:

"இரண்டு மீட்டரும் சேர்ந்து தப்புக் காட்டினால் முதலில் மட்டாக்கியையும் (பத்து வோல்ட் டப்பா) அதன் எர்த்தையும் பார். ஒன்று மட்டும் தப்புக் காட்டினால் அந்த மீட்டரின் உணரியைப் பார். உணரியின் கம்பியைக் கழற்றினால் முள் அடிக்கு வரவேண்டும். அந்தக் கம்பியை வண்டியின் உடம்பில் சற்றே தொட்டால் மேலே ஏற வேண்டும், பிடித்துக்கொண்டே இருக்காதே. இப்படி ஏறி இறங்கினால் மீட்டரும் கம்பியும் நல்லவை, உணரியைக் கழற்று. பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் இந்தச் சோதனை வேண்டாம்."

'மட்டாக்கியை' என்று ஐயுருபு சேர்த்தே எழுதுகிறேன், எச்சக் குழப்பம் வராது. மீட்டர் மீட்டராகவே போகிறது. ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பட்டர்வொர்த் தமிழாசிரியர்:

பொறுத்துக்கொள்கிறேன், ஒப்புக்கொள்ளவில்லை. ஓர் ஓரத்திலாவது 'அளவி' என்று போடுங்கள். கன்னலைப் பற்றித் தனி இழை தொடங்குவேன்.

பாயான் லெப்பாஸ்:

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். இப்போது பழைய வண்டிக்காரர்கள் அந்த டப்பாவுக்குள் 7810 என்ற மின்னணுச் சில்லை வைத்துக்கொள்கிறார்கள். அதில் பட்டையும் இல்லை, துடிப்பும் இல்லை. உண்மையாகவே நிலையாக 10 வோல்ட் தரும். அதை மட்டாக்கி என்பதா, நிலைப்படுத்தி என்பதா?

ஜாலான் ஈப்போ பட்டறை:

பத்து வோல்ட் டப்பா.

செந்தூல் மாலை வகுப்பிலிருந்து:

அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். இரண்டாம் பதிப்பில் பார்ப்போம்.