பெரியவீட்டுக் குழு: கன்டம் எங்கிருந்து தொடங்குவது?

சனிக்கிழமை, காலை 10:12

கவிதா: பிரபு, உன் மருமகன் காலையிலிருந்து உயிரை எடுக்கிறான். அவன் சித்தப்பா வாங்கி வந்த ரோபோ பொம்மையை ராத்திரியே பொருத்தி முடித்துவிட்டான். இப்போது அதன் கார்ட்டூனை, கன்டம் என்ற ஜப்பானிய ரோபோ தொடரை, பார்க்க வேண்டுமாம். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று நீயே சொல்லிவிடு.

நிதின்: அம்மா, அது பொம்மை இல்லை, கன்ப்ளா, கன்டம் ரோபோவின் பிளாஸ்டிக் மாடல். மாமா, முதல் தொடரில் வரும் ஆர்எக்ஸ்-78-2 ரோபோவின் கிட். நெட்டில் கன்டம் தொடர்களுக்கு ஒரு டைம்லைன் வரிசை கிடைத்தது. முதலில் ஆரிஜின், அப்புறம் 1979 தொடர், 08வது எம்எஸ் டீம், 0080, 0083, ஜீட்டா. அப்படியே போகலாமா?

பிரபு: வேண்டாம்டா. அந்தப் பக்கத்தை முதலில் மூடு.

பிரபு: கதைக்குள் வரும் ஆண்டுகளை வைத்துப் போட்ட வரிசை அது. எடுத்தவர்கள் அந்த வரிசையில் எடுக்கவில்லை. ஆரிஜின் 2015இல் தொடங்கி 2018 வரை வந்த ஆறு பாகம். 1979 தொடரில் சார் (Char) என்ற பெயரில் முகமூடி போட்ட ஒருவன் வருவான். அவன் யார், யார் மேல் அவனுக்குக் கோபம் என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவிழ்ப்பார்கள். ஆரிஜின் அவனுடைய சின்ன வயதிலேயே ஆரம்பிக்கிறது. அதை முதலில் பார்த்தால் முகமூடி எதற்கு?

தீபா: ஸ்பாய்லர்! ஸ்பாய்லர்!

பிரபு: முகமூடி போஸ்டரிலேயே இருக்கிறது தீபா.

ரமேஷ் அத்தான்: மொத்தம் எத்தனை எபிசோடு? இவனுக்கு லீவு இன்னும் மூன்று வாரம்தான்.

பிரபு: எல்லாம் பார்த்தால் இவன் காலேஜ் முடித்துவிடுவான் அத்தான். ஆனால் எல்லாம் பார்க்கத் தேவையே இல்லை. கன்டம் என்று பெயர் போட்ட தொடர்களில் பாதிக்கு மேல் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. விங், சீட், டபுள்-ஓ, அயர்ன்-பிளட்டட் ஆர்பன்ஸ் எல்லாம் வேறு வேறு உலகம். 1979 தொடரிலிருந்து வளர்ந்த யூனிவர்சல் செஞ்சுரி கதைக்குத்தான் வரிசை முக்கியம்.

ஆச்சி: மகாபாரதத்துல கிளைக்கதை மாதிரியா

பிரபு: அதேதான் பெரியம்மா. ஒரு வம்சத்துக் கதை, அதைச் சுற்றிக் கிளைக்கதைகள்.

ஆச்சி: மாடி ரூம் சாவி யார்கிட்ட இருக்கு

கவிதா: ஃபிரிட்ஜ் மேலே இருக்கிறது அம்மா.

தீபா: நான் ஒன்று சொல்கிறேன். 13 வயசுப் பையனுக்கு 1979 படம் காட்டினால் பத்து நிமிடத்தில் ஓடிவிடுவான். விட்ச் ஃப்ரம் மெர்க்குரி போடுங்கள். 2022இல் வந்தது, 24 எபிசோடு, தனிக்கதை. பள்ளிக்கூடத்தில் நடக்கிறது, கதாநாயகி ஒரு பெண். கன்டம் டிவி தொடரில் பெண் பிரதான பாத்திரமாக வந்தது அதுதான் முதல் தடவை.

நிதின்: சித்தி, என் ஃப்ரெண்டு ஜீகுவாக்ஸ்தான் பார்க்கச் சொல்கிறான். 2025இல் வந்தது, 12 எபிசோடுதான்.

பிரபு: அதை மட்டும் முதலில் தொடாதே. 1979 கதையில் ஒரு விஷயம் வேறு மாதிரி நடந்திருந்தால் என்னவாகும் என்பதுதான் அந்தத் தொடரே. என்ன நடந்தது என்றே தெரியாதவனுக்கு அதில் பாதி ருசி போய்விடும். தீபா சொல்வதாவது நியாயம். விட்ச் ஃப்ரம் மெர்க்குரியை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒன்று, முதல் எபிசோடுக்கு முன்னால் ப்ரோலாக் என்று தனியாக ஒன்று இருக்கும். அதை விட்டுவிட்டால் கதாநாயகியின் அம்மா ஏன் அப்படி இருக்கிறாள் என்று புரியாது.

தீபா: அது உண்மை. ப்ரோலாக் முதலில்.

கவிதா: இப்போது என்னதான் போடச் சொல்கிறாய் பிரபு? இட்லி மாவு காத்திருக்கிறது.

பிரபு: அவன் கையில் இருக்கும் கிட் ஆர்எக்ஸ்-78-2 அக்கா. அந்த ரோபோவின் கதையையே பார்க்கட்டும். டிவி தொடர் 43 எபிசோடு. அதைச் சுருக்கி 1981இலும் 1982இலும் மூன்று படமாக வெளியிட்டார்கள். மூன்றும் சேர்த்து ஏறக்குறைய ஏழு மணி நேரம்தான். மூன்றாவது படத்தில் நிறையக் காட்சிகளைப் புதிதாகவே வரைந்திருக்கிறார்கள், டிவியில் வந்ததைவிட நன்றாக இருக்கும். வெட்டி ஒட்டிய படம் என்று சொல்லவே முடியாது.

ரமேஷ் அத்தான்: 43? அந்தக் காலத்தில் ஒரு வருஷத்துக்கு 52 போடுவார்களே.

பிரபு: 52 போடத்தான் திட்டம் அத்தான். பார்ப்பவர்கள் குறைவு, பொம்மை விற்கவில்லை என்று குறைத்துவிட்டார்கள். 1980 ஜனவரியில் முடித்தார்கள். அப்புறம் மறு ஒளிபரப்பு, அதே வருஷம் பண்டாய் என்ற பொம்மைக் கம்பெனி இறக்கிய பிளாஸ்டிக் கிட், இரண்டும் சேர்ந்து தூக்கிவிட்டன. நிதின் ராத்திரி உட்கார்ந்து பொருத்தியது அந்தப் பரம்பரைதான்.

ரமேஷ் அத்தான்: பொம்மை விற்காததால் நின்று, பொம்மையாலேயே பிழைத்திருக்கிறது.

நிதின்: பொம்மை இல்லை அப்பா.

கவிதா: அடிதடி, ரத்தம் எல்லாம் அதிகமா? உண்மையைச் சொல்.

பிரபு: போர்க்கதைதான் அக்கா. ரத்தம் கொட்டாது, ஆனால் ஆட்கள் சாவார்கள், நல்லவர்களும் சாவார்கள். எதிரணியிலும் குடும்பம், சிநேகிதம் எல்லாம் இருக்கும். டைரக்டர் தொமினோ அந்த விஷயத்தில் யாரையும் விடமாட்டார். ரோபோ சண்டை என்று உட்காருகிறவர்களுக்குத்தான் அதிர்ச்சி.

கவிதா: அப்படியென்றால் நானும் கூட உட்காருகிறேன்.

பிரபு: உட்காருங்கள். அது முடிந்ததும் நேரே ஜீட்டாவுக்குப் போகாமல், வார் இன் த பாக்கெட் பாருங்கள், நிதின் பட்டியலில் இருக்கும் 0080 அதுதான். 1989இல் வந்தது, ஆறே பாகம். நிதினைவிடச் சின்னப் பையன் ஒருவன் போரை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு திரிவான். 1979 கதை நடக்கும் அதே போர்தான், வேறு ஊர், வேறு ஆட்கள். கைக்குட்டை பக்கத்தில் இருக்கட்டும்.

தீபா: கடைசி எபிசோடு பார்த்துவிட்டு ஆபீஸுக்கு லீவு போட்டவள் நான்.

நிதின்: ஜீட்டாவும் மூன்று படமாக இருக்கிறதே மாமா? 2005, 2006. அதையே பார்த்துவிடலாமா?

பிரபு: இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுவார்கள். முதல் தொடருக்குப் படம் போதும், ஜீட்டாவுக்குப் போதாது. 1985 டிவி தொடர் 50 எபிசோடையும் பார். படங்களில் முடிவையே மாற்றிவிட்டார்கள். டிவியில் நடந்த முடிவிலிருந்துதான் அடுத்த தொடர் டபுள் ஜீட்டா எழுகிறது. படத்தைப் பார்த்துவிட்டு அதற்குள் போனால் காலுக்குக் கீழே தரையே இருக்காது.

தீபா: டபுள் ஜீட்டாவை விட்டுவிடலாம். முதல் பாதி முழுக்கக் கோமாளித்தனம்.

பிரபு: ஆரம்பம் சிரிப்புதான், ஒப்புக்கொள்கிறேன். பிற்பாதி கனமாகிவிடும். ஜீட்டா பார்த்து மனசு நொந்தவனுக்கு அந்தச் சிரிப்பு வேண்டியதாகத்தான் இருக்கும். 47 எபிசோடு. நேரமில்லை என்றால் தள்ளிவை, ஆனால் தூக்கிப் போடாதே.

தீபா: 1988 படத்தைப் புரிந்துகொள்ள அது தேவையே இல்லையே.

பிரபு: சார்ஸ் கவுன்டர்அட்டாக் புரியும், சரி. ஆர்எக்ஸ்-78-2வை ஓட்டும் அமுரோ, முகமூடிக்காரன் சார், இரண்டு பேருடைய கணக்கையும் தீர்க்கிற படம் அது, முதல் தொடரும் ஜீட்டாவும் தெரிந்தால் போதும். அதற்குப் பிந்தைய கதையான யூனிகார்ன் வரும்போது டபுள் ஜீட்டா கைகொடுக்கும். அப்புறம் ஹாத்தவே, அந்தப் பெயருள்ள பையனின் கதை. அதை 1988 படம் பார்க்காமல் தொடவே கூடாது. அந்தப் பையன் மனதில் என்ன சுமை என்பதே அந்தப் படத்தில்தான் இருக்கிறது.

நிதின்: 0083 எங்கே வரும்?

பிரபு: கதைப்படி முதல் தொடருக்கும் ஜீட்டாவுக்கும் நடுவில். ஆனால் எடுத்தது 1991இல். ஜீட்டா முழுக்க வருகிற ஒரு கும்பல் எப்படி உண்டானது என்று காட்டுகிற கதை. அந்தக் கும்பலின் அட்டகாசத்தைப் பார்த்தவனுக்குத்தான் அது பிறந்த கதையில் சுவாரசியம். ஜீட்டாவுக்குப் பிறகு பார். ஆரிஜினும் அப்படித்தான், 1988 படம் முடிந்த பிறகு. 08வது எம்எஸ் டீம் மட்டும் விதிவிலக்கு, முதல் மூன்று படம் முடித்தால் எப்போது வேண்டுமானாலும் பார்.

ரமேஷ் அத்தான்: படமாகச் சுருக்கும்போது ஏதாவது விட்டுப்போகுமே?

பிரபு: போகும் அத்தான். 15ஆம் எபிசோடு, குகுருஸ் டோன் தீவு. படத்தில் கிடையாது, அமெரிக்க வெளியீட்டில்கூட விட்டுவிட்டார்கள். ரோபோவின் முகமே கோணலாக இருக்கும், அவ்வளவு மோசமாக வரைந்திருப்பார்கள். அதையே 2022இல் தனிப்படமாக எடுத்தார்கள். இயக்கியவர் யாசுஹிகோ, முதல் தொடரின் பாத்திரங்களை வரைந்தவரே.

ஆச்சி: சாவி ஃபிரிட்ஜ் மேல இல்ல

கவிதா: நிதின், ஆச்சிக்குத் தேடிக் கொடு. அப்புறம்தான் கன்டம்.

ஞாயிற்றுக்கிழமை, இரவு 11:40

கவிதா: பிரபு, முதல் படம் முடிந்தது. அந்த அமுரோ என்ன இப்படி முணுமுணுக்கிறான்? ரோபோவில் ஏற மாட்டேன் என்று அறைக்குள் உட்கார்ந்துகொள்கிறான்.

பிரபு: அவனுக்குப் பதினைந்து வயது அக்கா. பிடிக்காத போரில் தள்ளிவிட்டார்கள்.

கவிதா: எனக்குப் பிடித்துவிட்டது, அதுதான் கேட்டேன். நிதின் தூங்கப் போய்விட்டான். உன் அத்தான் ஹாலில் இரண்டாவது படத்தைப் போட்டிருக்கிறார்.

பிரபு: அத்தான், நிதின் இல்லாமல் பார்க்காதீர்கள்! நாளைக்கு வீட்டில் சண்டை வரும்.

ரமேஷ் அத்தான்: சும்மா பத்து நிமிடம்தான்.