பழைய பிரிட்டிஷ் கேம் இதழ்கள்: இன்னும் மனசில் உறுத்துகிற ஒரு இதழ், ஒரு பக்கம்?

கடைக்காரன்மகன்:

போன கிழமை அப்பாவின்ர பெட்டியளைக் கிண்டேக்க ஒரு அமிகா பவர் அம்பிட்டுது, அமிகா எண்ட வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்த கேம் இதழ். அட்டையில டிஸ்க் ஒட்டியிருந்த இடத்தில தோல் உரிஞ்ச மாதிரி வெள்ளைக் கிழிசல். கண்டவுடனே வயித்துக்குள்ள ஏதோ செய்தது, அதான் எழுதுறன்.

1992. ஈஸ்ட் ஹாமில எங்கட பேப்பர் கடை. விக்காத இதழ்களைக் கட்டி ஹோல்சேல்காரனுக்குத் திருப்பி அனுப்பினா அந்தக் காசைக் கணக்கில கழிப்பான். ரிட்டர்ன்ஸ். அது கவுண்டருக்குப் பின்னால ஒரு கட்டாக் கிடக்கும். எனக்கு அதுதான் லைப்ரரி. பள்ளிக்கூடத்தால வந்து பால் கிரேட்டுக்கு மேல குந்தியிருந்து, மூலை மடியாமல், விரலைத் துடைச்சுத் துடைச்சு வாசிப்பன். அப்பா ஒண்டும் சொல்லமாட்டார். டிஸ்க்கில மட்டும் கைவைக்கக் கூடாது.

கைவைச்சன். செல்லோடேப்பைப் பிளேட்டால கிளப்பி, டிஸ்க்கை மேல கொண்டுபோய் எக்ஸ்கொப்பி எண்ட புரோகிராமில பிரதி எடுத்து, திரும்ப ஒட்டினன். கழட்டேக்க அட்டையின்ர நிறமும் சேர்ந்து வந்திட்டுது. நான் கெட்டிக்காரன்தானே, நீல ஃபெல்ட் பேனையால பூசிவிட்டன்.

ரெண்டு கிழமையில அது ஒரு துண்டோட திரும்பி வந்தது. சேதம், கிரெடிட் இல்லை. அப்பா கவுண்டரில நிண்டபடி துண்டை வாசிக்கிறார். பிறகு அட்டையைத் தடவிப் பாக்கிறார். என்ர நீலம் அவற்ற பெருவிரலில ஒட்டுது. விரலைப் பாத்தார். என்னைப் பாக்கேல்லை. ஒரு இதழ் வித்தா விலையில கால்வாசிதான் கடைக்கு. இந்த ஒண்டின்ர நட்டத்தை அடைக்க இன்னும் மூண்டு விக்கவேணும் எண்டு பன்னிரண்டு வயசிலயே எனக்குக் கணக்குத் தெரியும்.

பேப்பர் போடுற வீடுகளுக்கு மூலையில பென்சிலால வீட்டு நம்பர் எழுதுவம், கடை வைச்சிருந்த ஆக்களுக்குத் தெரியும். இந்த இதழின்ர மூலையில அப்பாவின்ர எழுத்தில "தம்பி" எண்டு இருக்கு. எப்ப எழுதினவரோ. ஃபோன் எடுத்துக் கேட்டன். "எந்த டிஸ்க்?" எண்டார்.

உங்களிட்ட என்ன இருக்கு, சொல்லுங்கோ.

வரிஎண்பத்து:

அமிகாவெல்லாம் ரொம்பப் பிற்காலம்ங்க. டிஸ்க் ஒட்டி வர்றதுக்கு முன்னாடி கேமையே இதழ்ல அச்சடிச்சுக் கொடுத்தாங்க, நாமதான் ஒரு எழுத்து விடாம கம்ப்யூட்டர்ல அடிக்கணும்.

1982, வேல்ஸ்ல ஒரு சின்ன ஊரு, அப்பா அங்க டாக்டர். வீட்டுல இசட்எக்ஸ்81ன்னு ஒரு சின்ன கம்ப்யூட்டர். அது சும்மா வந்தா 1கே மெமரிதான், அதனால பின்னாடி 16கே ராம் பேக் சொருகியிருக்கும். அது ஆடும். கொஞ்சம் ஆடினாலும் அடிச்சது மொத்தமும் போயிடும். புளூ டேக் வெச்சு அமுக்கி வெச்சிருந்தோம். கீபோர்டு ஒரே வழவழப்பு ஷீட், அழுத்தினோமா இல்லையான்னு விரலுக்கே தெரியாது.

அண்ணன் அடிப்பான், நான் படிப்பேன். ரெண்டு சாயங்காலம். கமா, கோலன், அடைப்புக்குறின்னு தொண்டை வறண்டுபோச்சு. ரெண்டாம் நாள் ராத்திரி ரன் கொடுத்தான். திரையோட அடியில 2/340 அப்படின்னு வந்து நின்னுச்சு. வரி 340ல ஏதோ ஒரு வேரியபிள், அது என்னன்னே எனக்குத் தெரியாதுங்குது மெஷின். "நீ ஒரு வரியை விட்டுட்டே"ன்னான். விடலைன்னேன். மேஜையில ஓங்கி ஒரு குத்து. ராம் பேக் அசைஞ்சுது. திரை வெளேர்னு ஆயிடுச்சு.

நாப்பது வருஷமா எல்லாக் கல்யாணத்துலயும் இந்தக் கதை வரும், நான் வரியை விட்ட கதையா. போன மாசம் அந்த இதழோட ஸ்கேன் கிடைச்சுது. பேரு வேண்டாம். ரெண்டு இதழ் தள்ளி, மூலையில பொடி எழுத்துல ஒரு திருத்தம்: அந்த ப்ரோக்ராம்ல ஒரு வரி அச்சுல விட்டுப்போச்சாம். அண்ணனுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன். ரெண்டு நீல டிக். மூணு நாளாச்சு.

லட்லோபித்தன்:

இரண்டு கதையும் நன்று. ஆனால் இதழ் என்ற பொருளின் சுவை இரண்டிலும் இல்லை. ஒருவர் டிஸ்க்கைத் திருடினார், மற்றவர் வரியை எண்ணினார். வாசிப்பதற்காகவே வாங்கிய இதழ் என்றால் அது சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டருக்கான க்ராஷ். 1984ல் ஷ்ராப்ஷயரின் லட்லோ என்ற சிற்றூரிலிருந்து வந்தது. விமர்சனம் எழுதியவர்களில் பலர் அந்த ஊர்ப் பள்ளி மாணவர்கள். ஒரு கேமுக்கு மூன்று பேர் கருத்து; மூவரும் சண்டை போட்டால் அதையும் அப்படியே அச்சிடுவார்கள். அட்டை ஓவியங்கள் ஆலிவர் ஃப்ரே, ஸ்விட்சர்லாந்துக்காரர், 1978ன் சூப்பர்மேன் படத்தின் தொடக்கத்தில் வரும் காமிக்ஸ் பக்கங்களை வரைந்தவர். மதிப்பெண்ணில் கஞ்சத்தனம் செய்வதையே பெருமையாகக் கொண்ட அமிகா பவரை இதனோடு ஒப்பிடுவது எனக்குச் சம்மதமில்லை.

என் உறுத்தல் வேறு. 1998ல் பிரைட்டன் அருகே ஒரு கார் பூட் சேல், கார் டிக்கியில் வைத்துப் பழைய சாமான் விற்கும் சந்தை. வயதான ஒருவர் க்ராஷ் கட்டு ஒன்றை விரித்து வைத்திருந்தார். 1985ன் இதழ் ஒன்றை 50 பென்ஸுக்கு வாங்கிப் புரட்டினால் நடுவில் பக்கங்கள் இல்லை. கிழிந்ததை விற்கிறீர்களே என்று சத்தம் போட்டேன். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறக்காமல் நாணயத்தை என் உள்ளங்கையில் வைத்தார், இதழையும் திரும்பக் கேட்கவில்லை.

பிறகுதான் தெரிந்தது. அந்த இதழில் சின்க்ளேர் யூசரை நையாண்டி செய்து "அன்க்ளியர் யூசர்" என்று சில பக்கங்கள் போட்டிருந்தார்கள். போட்டி இதழின் உரிமையாளரான ஈமேப் நீதிமன்றத்துக்குப் போக, விற்காத பிரதிகளிலிருந்து அந்தப் பக்கங்களை நீக்கவேண்டியதாயிற்று. முதியவர் விற்றது கிழிந்த பிரதி அல்ல, தண்டனை பெற்ற பிரதி. அவருக்கு விஷயம் தெரிந்திருந்ததா என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

1991ல் க்ராஷை வெளியிட்ட நியூஸ்ஃபீல்ட் நிறுவனம் சரிந்து, க்ராஷ் கைமாறி, 1992ல் கடைசியில் எந்த இதழோடு இணைக்கப்பட்டது என்று நினைக்கிறீர்கள்? அதே சின்க்ளேர் யூசரோடு.

எழுபத்துமூன்று:

லட்லோபித்தன் சார், கஞ்சத்தனமா? நூற்றுக்கு மதிப்பெண் என்றால் ஐம்பதுதானே சராசரி. மற்ற இதழ்களில் எழுபதுக்குக் கீழே இறங்கவே மாட்டார்கள். குப்பைக்கும் எழுபது, சுமாருக்கு எழுபத்தைந்து, விளம்பரம் கொடுத்தவனுக்குத் தொண்ணூறு என்று நாங்கள் பள்ளியில் பேசிக்கொள்வோம். அமிகா பவர் மட்டும்தான் அளவுகோல் முழுவதையும் பயன்படுத்தியது. பத்துப் பதினைந்து என்று கூசாமல் போடுவார்கள். 1991 மே முதல் 1996 செப்டம்பர் வரை 65 இதழ், அத்தனையும் அதே பிடிவாதம். உங்கள் க்ராஷில் 90க்கு மேல் போனால் "க்ராஷ் ஸ்மாஷ்" என்று முத்திரை குத்துவார்களே, ஒரு இதழில் எத்தனை முத்திரை என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

என் கதை சின்னது. 1994ல் எட்ஜ் இதழ் டூம் என்ற சுடுகிற கேமுக்குப் பத்துக்கு ஏழு கொடுத்தது. அதில் வரும் ஜந்துகளோடு பேச முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எழுதியிருந்தார்கள். பஸ்ஸில் படித்துவிட்டு, சுடுகிற விளையாட்டில் பேச்சு என்ன பேச்சு என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்து சீட்டுப் பாட்டி எழுந்து முன்னால் போய் உட்கார்ந்தார். இன்று என் மகள் விளையாடுவதெல்லாம் ஜந்துகளோடு உட்கார்ந்து பேசுகிற கேம்தான். அவளிடம் இந்தக் கதையை நான் சொல்லவில்லை.

லட்லோபித்தன்:

எண்ணியிருக்கிறேன். அது தகுதியான கேம்கள் வந்த காலம்.

மயிலாப்பூர்மாடி:

நீங்கல்லாம் வாங்கிப் படிச்சவங்க. எனக்கு முழு இதழா ஒண்ணுகூடக் கையில கிடைச்சதில்ல. 1987ல லண்டன்ல இருந்து அத்தை வந்தப்போ கண்ணாடி டம்ளர்லாம் உடையாம இருக்க பழைய காகிதத்துல சுத்திக் கொண்டுவந்தாங்க. சுத்தினது அத்தை பையனோட க்ராஷ். டம்ளர் அம்மாவுக்கு, காகிதம் எனக்கு.

அதுல ஒரு தாள் சேபர் வுல்ஃப்ங்கிற கேமோட மேப். காடு முழுக்க கட்டம் கட்டமா. கசங்கினதைத் தலகாணிக்கு அடியில வெச்சு நிமித்தி, சோத்துப்பசை தடவி, கணக்கு நோட்டுப் பின்னட்டையில ஒட்டினேன். தெருவுல ஒருத்தர் வீட்டுலயும் கம்ப்யூட்டர் கிடையாது. அந்த மேப்புல தாயக்கட்டை உருட்டி விரலால நடப்போம் நானும் எதிர்வீட்டு சீனுவும். தாயம் விழுந்தாத்தான் காட்டுக்குள்ள நுழையலாம். எந்த நிறப் பூவைத் தொட்டா திசை தலைகீழாகும்னு ஒரு துண்டு வரி கிழியாம இருந்துச்சு, அதையும் சட்டத்துல சேர்த்தோம்: அந்தப் பூ வந்தா இடது கையால உருட்டணும்.

2009ல ஆபீஸ்ல ஒருத்தன் எமுலேட்டர் போட்டுக் காட்டினான், பழைய கேமைப் புது கம்ப்யூட்டர்ல ஓட்டுற ப்ரோக்ராம். சேபர் வுல்ஃப். "தள்ளு, குகைக்கு வழி எனக்குத் தெரியும்"னேன். கூட்டம் கூடிடுச்சு. உண்மையாவே தெரியும்ங்க, கண்ணை மூடினா வரும். மூணாவது திரையில செத்தேன். திரும்பவும் செத்தேன். மேப்புல மிருகம் எதுவும் ஓடாதே. இவ்வளவு வேகமா ஓடும்னு எனக்கு யாரும் சொல்லல. சீனுவுக்கு ஃபோன் பண்ணிச் சொன்னேன். "உருட்டாமப் போனா அப்படித்தான்"னான்.

துருப்பிடிக்காதவன்:

என்னிடம் யுவர் சின்க்ளேர் கடைசி இதழ் இருந்தது, 1993 செப்டம்பர், 93ஆவது. பரணில் வைத்தேன், போய்விட்டது. அவ்வளவுதான் கதை. ஆனால் இங்கே எல்லோரும் இதழைப் படாதபாடு படுத்துவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் பரண் கூடாது. இங்கிலாந்து வீட்டின் பரண் கோடையில் வேகும், குளிரில் ஈரம் கசியும். கட்டிலுக்கு அடியில் வைத்தால்கூடத் தேவலை. இரண்டாவது, நடுவில் இருக்கிற ஸ்டேப்பிள் பின். அது துருப்பிடித்தால் சுற்றியுள்ள காகிதம் பழுப்பாகிப் பொடியும். மெல்ல நிமிர்த்தி எடுத்துவிட்டு வெள்ளைப் பருத்தி நூலால் தைத்துவிடுங்கள். மூன்றாவது, லேமினேஷன் செய்கிறேன் என்று யாராவது கிளம்பினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். செல்லோடேப்பும் அப்படித்தான், பத்து வருஷத்தில் டேப் விழுந்துவிடும், மஞ்சள் கறை மட்டும் நிற்கும். கடைக்காரன்மகன், அந்தக் கிழிசலுக்கு மேல் எதையும் ஒட்டவேண்டாம். அமிலமில்லாத அட்டை ஒன்றைப் பின்னால் வைத்து பாலிஎஸ்டர் உறையில் போடுங்கள். சமையலறைப் பிளாஸ்டிக் உறை வேண்டவே வேண்டாம். பென்சில் எழுத்தை ரப்பரால் தொடாதீர்கள். சிலர் சுத்தம் செய்கிறேன் என்று முதலில் அதைத்தான் அழிப்பார்கள்.

மயிலாப்பூர்மாடி, சோற்றுப்பசை பூச்சிக்கு விருந்து. நோட்டை ஒரு பாலிதீன் பையில் காற்றுப் போகாமல் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். எடுத்தவுடன் பிரிக்காதீர்கள், ஒரு நாள் விடுங்கள்.

ஸ்கேன் செய்கிறவர்களுக்கு: 600 டிபிஐக்குக் கீழே வேண்டாம். அச்சுப் புள்ளிகளும் ஸ்கேனர் கோடுகளும் மோதி அலை அலையாக வரும். அந்த அலையை நீக்குகிற டீஸ்கிரீன் பட்டனை நம்பாமல் பெரிதாக எடுத்து, பிறகு சுருக்குங்கள். அட்டையோடு வந்த கேசட்டை வீட்டிலிருக்கும் பழைய டேப் ரெக்கார்டரில் உடனே போட்டுவிடாதீர்கள், முதலில் ஹெட்டை ஆல்கஹாலால் துடையுங்கள். டிஸ்க்கில் பூஞ்சை இருந்தால் டிரைவில் விடவே கூடாது. ஒரு டிஸ்க் டிரைவைக் கெடுக்கும், அந்த டிரைவ் அடுத்த பத்து டிஸ்க்கைக் கெடுக்கும். கிரீஸ்வீசல் என்ற சின்ன போர்டு கிடைக்கிறது, அதைப் பழைய பிசி டிரைவோடு சேர்த்து யூஎஸ்பியில் செருகினால் அமிகா டிஸ்க்கை அப்படியே படியெடுக்கலாம். லட்லோபித்தன் சார், உங்கள் வெட்டுப்பட்ட பிரதிக்குக் காணாமல்போன பக்கங்களை வண்ணப் பிரதி எடுத்து நடுவில் செருகிவிட்டீர்கள் என்றால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

லட்லோபித்தன்:

செருகவில்லை. அந்த 50 பென்ஸ் நாணயம்தான் அந்த இடத்தில் இருக்கிறது.

துருப்பிடிக்காதவன்:

நாணயமா? உலோகம் காகிதத்தில் கறை விடும் சார்!

கடைக்காரன்மகன்:

துருப்பிடிக்காதவன் அண்ணை, நன்றி. ஆனா உறையெல்லாம் போடேல்லை. ஞாயித்துக்கிழமை கொண்டுபோய் அப்பாவின்ர கையிலயே குடுத்தன். கண்ணாடியைப் போட்டு அட்டையைப் பாத்தார். அந்த நீலத்தைப் பெருவிரலால ஒருக்காத் தேய்ச்சார். "காஞ்சிட்டுது" எண்டு சொல்லிப்போட்டு நியூஸ் பாக்கத் தொடங்கிட்டார்.

வரிஎண்பத்து:

அண்ணன்கிட்ட இருந்து பதில் வந்துடுச்சு. "விட்டுப்போன வரி 310. எரர் வந்தது 340ல. நீ விட்டது வேற வரி."